நிலம் எதன் மேல் மிதக்கிறது?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 9

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பூமியின் குறுக்குவெட்டுப் படம் வரைந்தபோது, மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசம் முழுவதும் சிவப்பு வண்ணம் தீட்டி, ‘பாறைக்குழம்பு’ என்று எழுதினாள். சொல்லிக் கொடுத்தவன் நான்தான். 40 கி.மீ. தோண்டினால் நெருப்புக் குழம்பு வந்துவிடும், கண்டங்கள் அதன் மேல் படகு போல மிதந்து நகர்கின்றன என்றே நானும் படித்திருக்கிறேன். ஆசிரியை அதைத் தவறு என்று அடித்துவிட்டார். இதில் என்ன தவறு?

மார்ச் 9, இரவு

ஆசிரியை அடித்தது சரி. கவசம் குழம்பு அல்ல. மேலோட்டின் அடியிலிருந்து 2,890 கி.மீ. ஆழம் வரை இருப்பது திடப் பாறை. கண்டங்கள் குழம்பில் மிதக்கவில்லை. மிதக்கின்றன என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும் என்பேன்.

யாரும் இறங்கிப் பார்க்காத இடத்தைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவது நிலநடுக்க அலைகளால்தான். முதன்மை அலைகள் பாறையை அழுக்கியும் தளர்த்தியும் செல்கின்றன. அவை திடப்பொருளிலும் செல்லும், திரவத்திலும் செல்லும். இரண்டாம் நிலை அலைகள் பாறையைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்கின்றன, கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்து உதறும்போது அசைவு மறுநுனிக்கு ஓடுவது போல. கயிற்றை உதறலாம், தண்ணீரை அப்படி உதற முடியாது. பக்கத்துத் துகளை இழுத்துக்கொண்டு போகும் பிடிமானம் திரவத்துக்கு இல்லாததால், இரண்டாம் நிலை அலைகள் திரவத்தில் நுழைந்ததும் அடங்கிவிடும்.

1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டம் ஆராய்ந்தார். ஐரோப்பாவில் அப்போது இயங்கிய கருவிகளில் பதிவான கோடுகளைப் படித்து, வெவ்வேறு வேகத்தில் வரும் மூன்று வகை அலைகளை அவர் பிரித்துக் காட்டினார். 1906இல், பூமியின் நடுவே வேறு தன்மை கொண்ட ஒரு கருவம் இருக்கிறது என்பதை அந்த அலைகளைக் கொண்டே நிறுவினார். இந்த இடத்தில்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கிறது. கவசம் முழுவதும் குழம்பாக இருந்திருந்தால், இரண்டாம் நிலை அலைகள் சிறிது தூரத்துக்கு அப்பால் எங்குமே பதிவாகியிருக்காது. உண்மையில் அவை நிலநடுக்க மையத்திலிருந்து ஏறத்தாழ 11,500 கி.மீ. தொலைவு வரை தெளிவாக வந்து சேர்கின்றன. அதற்கு அப்பால் அவை காணாமற்போவது கவசத்தால் அல்ல, கருவத்தால்.

மார்ச் 9, சற்றுப் பின்னர்

40 கி.மீ. கணக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது கண்டங்களின் அடியில் உள்ள மேலோட்டின் சராசரியை ஒட்டிய அளவு. கடலடி மேலோடு ஏறத்தாழ 7 கி.மீ.தான். மனிதர் துளைத்தவற்றில் மிக ஆழமானது, சோவியத் நாட்டினர் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கி 1989 வரை துளைத்த 12,262 மீட்டர். அங்கே வெப்பம் 100 பாகை இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், இருந்தது 180. நான் நிலத்தடி நீர் பார்க்கும் வேலையில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன். 300 மீட்டரில் ஆழ்துளை போடும் வண்டியின் குழாய் பாறையில் சிக்கிக்கொண்டாலே அதை மீட்டெடுப்பதற்குள் ஒரு பகல் போய்விடும். ஆகவே 12 கி.மீ. என்ற எண்ணை என்னால் இலேசாகக் கடந்துபோக முடிவதில்லை. அவ்வளவு துளைத்தும் அவர்கள் மேலோட்டின் பாதியைக்கூடத் தாண்டவில்லை.

மார்ச் 11

‘திடப் பாறை என்றால் அது எப்படி நகரும், கண்டங்களை எப்படி நகர்த்தும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. திடப்பொருள் என்றால் அசையாது என்று நாம் எண்ணுவது நம் ஆயுளை அளவுகோலாக வைத்துக்கொள்வதால்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். தார் போன்ற கரிய பொருளான கீலை, சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல உடைவதை, ஒரு புனலில் இட்டு வைத்தார். 2014 வரை அதிலிருந்து ஒன்பது சொட்டுகள் விழுந்திருக்கின்றன. கவசமும் அப்படித்தான்: கணப்பொழுதில் கடந்து செல்லும் நிலநடுக்க அலைக்கு அது கெட்டிப் பாறை, கோடி ஆண்டு அழுத்தத்துக்கு அது பாயும் பொருள்.

மார்ச் 12

நேற்று சொன்ன உவமையைத் திருத்த வேண்டும். கீல் உண்மையில் மிக மிகக் கெட்டியான ஒரு திரவம். அதில் படிக அமைப்பு இல்லை. கவசப் பாறையோ படிகங்களால் ஆனது. கீலைக் காட்டி விளக்கினால், ‘அப்படியானால் கவசமும் கெட்டித் திரவம்தானே’ என்று உங்கள் மகள் திருப்பிக் கேட்பாள், அவள் கேட்பதில் நியாயமும் இருக்கும்.

சரியான உவமை கொல்லன் உலையில் கிடைக்கிறது. எங்கள் ஊரில் அரிவாள் அடிக்கும் பட்டறைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை உண்டு. சிறு வயதில் அங்கே பல மணி நேரம் நின்று பார்த்திருக்கிறேன். துருத்திக் காற்றில் கரி சீற, இரும்புப் பட்டை முதலில் மங்கிய சிவப்பாகவும் பிறகு மாம்பழ மஞ்சளாகவும் மாறும். இடுக்கியால் எடுத்துப் பட்டடையில் வைத்து அடித்தால் ஒவ்வோர் அடிக்கும் அது அகலும், நீளும், வளையும். ஆனால் ஒரு துளியும் சொட்டாது. இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். உலையில் இருப்பது அதற்குக் கீழே. உருகாமல், படிகமாக இருந்துகொண்டே, வடிவம் மாறுகிறது. கவசத்தின் மேற்பகுதியும் ஏறத்தாழ 1,300 பாகையில் இந்த நிலையில்தான் இருக்கிறது. சுத்தியல் அடிக்குப் பதிலாக அங்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடரும் மெல்லிய அழுத்தம் வேலை செய்கிறது.

பனியாறும் இப்படியே. பனிக்கட்டி படிகம், கையில் எடுத்து உடைக்கலாம். ஆனாலும் கங்கோத்ரிப் பனியாறு பள்ளத்தாக்கில் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கவசம் பாய்வதை நேரில் அளக்கவும் முடிகிறது. பனியூழிக் காலத்தில் ஸ்வீடன், பின்லாந்து பகுதிகளின் மேல் ஏறத்தாழ 3 கி.மீ. கனத்துக்குப் பனி கிடந்தது. அந்த எடையில் நிலம் அமிழ்ந்து, அடியில் இருந்த கவசப் பாறை பக்கங்களுக்கு ஒதுங்கியது. பனி உருகிப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகியும், ஒதுங்கிய பாறை இன்னும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. போத்னியா வளைகுடாவின் கரை ஆண்டுக்கு 9 மி.மீ. அளவுக்கு உயர்கிறது. வெப்பமானியால் நாம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731இல் லோவ்குருண்ட் தீவின் பாறை ஒன்றில் அன்றைய கடல்மட்டத்தைக் குறித்துவைத்தார். கடல் வற்றிக்கொண்டு வருகிறது என்பது அவர் எண்ணம். உயர்ந்தது நிலம்.

மார்ச் 14

அவ்வளவு வெப்பத்தில் ஏன் உருகவில்லை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அழுத்தம்தான் காரணம். குக்கரில் மூடியைப் பூட்டிவிட்டால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 120 பாகை வரை போகிறது. அங்கே உயர்வது கொதிநிலை, இங்கே உயர்வது உருகுநிலை. ஆனால் அழுத்தம் செய்கிற வேலை ஒன்றே. கவசத்தின் அடியில் அழுத்தம் நம் காற்றழுத்தத்தைப் போல 13 லட்சம் மடங்குக்கு மேல்.

அப்படியானால் எரிமலையில் வருவது எங்கிருந்து வருகிறது? குக்கரின் மூடியைத் திறப்பது போன்ற இடங்களிலிருந்துதான். மேலோட்டைச் சுமந்து நகரும் பெரும் பாறைப் பலகைகளைத் தட்டுகள் என்கிறோம். நடுக்கடல் முகடுகளில் இரண்டு தட்டுகள் விலகும்போது அடியிலிருந்து பாறை மேலே ஏறுகிறது, அழுத்தம் குறைகிறது, அதில் ஒரு பகுதி உருகுகிறது. இந்தோனேசியா போன்ற இடங்களில் கடல்தரை கவசத்துக்குள் இறங்கும்போது தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது. நீர் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை குறைந்துவிடும். ஆக, பாறைக்குழம்பு கவசத்தில் சில இடங்களில் பிறக்கும் பொருள். கவசமே குழம்பு அல்ல. தட்டுகளுக்கு அடியில் உள்ள மெத்தென்ற அடுக்கில்கூட உருகிய பங்கு நூற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

கல்லூரியில் ஒரு மாதிரிக் கல்லை என் கையில் கொடுத்தார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வந்தது. முழங்கை அளவு கரிய எரிமலைப் பாறை; அதன் நடுவில் எலுமிச்சை அளவில் ஒரு பச்சைக் கட்டி. வெயிலில் திருப்பினால் அந்தக் கட்டி, பச்சைச் சாயம் ஏற்றிய கற்கண்டு போல, மணி மணியாக மின்னியது. ஒலிவின் என்ற கனிமம். மேலேறி வந்த குழம்பு, வழியில் இருந்த கவசத்தின் ஒரு துண்டைப் பிய்த்து எடுத்து வந்திருக்கிறது. குழம்போடு பயணம் செய்தும் அது உருகாமல், விளிம்பு மழுங்காமல், மணிகளாகவே வந்து சேர்ந்திருந்தது. கவசம் திடமானது என்பதை அன்றுதான் நம்பினேன். அதுவரை தேர்வுக்காக எழுதிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17

முதல் குறிப்பில் ‘மிதக்கின்றன என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும்’ என்று எழுதினேன். எழுதியது தவறு. ஒரு வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் மகள் எழுதியதில் ‘குழம்பு’தான் தவறு; ‘மிதக்கிறது’ சரி. அதிலும், அது சரி என்று உலகம் கண்டுகொண்ட கதை நம் பரங்கிமலை அருகில் தொடங்குகிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 12 கி.மீ. நீளத்தில் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு இந்தியாவை வடக்கு நோக்கி அளந்து சென்றார்கள். லாம்டன் 1823இல் இறந்த பிறகு ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். மத்திய இந்தியாவின் கலியான்பூருக்கும், தில்லிக்கு வடக்கே உள்ள கலியானாவுக்கும் இடையே உள்ள தொலைவை இரண்டு வழிகளில் கணக்கிட்டார்கள்: ஒன்று நிலத்தில் அளந்து, இன்னொன்று தூக்குக்குண்டு காட்டும் செங்குத்தை வைத்து விண்மீன்களைப் பார்த்து. இரண்டுக்கும் 5.236 வினாடிக் கோண வேறுபாடு வந்தது. இமயமலையின் பருமன் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்கும் என்று கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித அறிஞர் ஜான் ஹென்றி பிராட் எண்ணினார். மலையின் ஈர்ப்பைக் கணக்கிட்டார். வர வேண்டியது 15.885 வினாடி. மலை இருக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது.

அந்தக் கணக்குப் பொருந்தாததிலிருந்துதான் எல்லாம் தொடங்கின. 1855இல் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி விடை சொன்னார். மலைக்கு அடியில், கனமான கவசப் பாறை இருக்க வேண்டிய இடத்தில், எடை குறைந்த மேலோட்டுப் பாறை வேராக இறங்கியிருக்கிறது. மேலே உள்ள மிகுதியை அடியில் உள்ள குறைவு ஈடுகட்டிவிடுகிறது. கடலில் மிதக்கும் பனிப்பாறை போல மலையும் மிதக்கிறது. பிராட் வேறு வகையில் விளக்கினார். இமயத்தைப் பொறுத்தவரை ஏரி சொன்னதே பெரும்பாலும் பொருந்தியது.

பரங்கிமலையின் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சார்னோகைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறையால் ஆனது என்று கண்ட தாமஸ் ஹாலந்து அந்தப் பெயரை இட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, 20 கி.மீ.க்கும் கூடுதலான ஆழத்தில் உருவான பாறை. மேலே இருந்ததெல்லாம் அரிக்கப்பட்டுப் போகப் போக, சரக்கு இறக்கிய தோணி போல நிலம் மெல்ல உயர்ந்து, மேலோட்டின் அடித்தட்டு இன்று விமான நிலையத்துக்கு எதிரே வெயிலில் நிற்கிறது. மிதக்காத நிலத்தில் இது நடந்திருக்காது.

மார்ச் 18

உங்கள் மகளுக்கு ஒரு கணக்கு. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி 2.8, கவசத்தின் மேற்பகுதி 3.3 என்று வைத்துக்கொள்ளட்டும். திபெத் பீடபூமியின் உயரம் 5 கி.மீ. அந்த உயரத்தைத் தாங்க எவ்வளவு வேர் வேண்டும்? 5 ஐ 2.8 ஆல் பெருக்கி, இரண்டு அடர்த்திகளின் வேறுபாடான 0.5 ஆல் வகுத்தால் 28 கி.மீ. சாதாரண மேலோடு 37 என்று கொண்டால், மேலே உள்ள 5ஐயும் சேர்த்து மொத்தம் 70. நிலநடுக்க அலைகளைக் கொண்டு அளந்தபோதும் திபெத்தின் அடியில் ஏறத்தாழ 70 கி.மீ. தான் கிடைத்தது.

மார்ச் 21

எதிர்பார்த்தபடியே குமரிக்கண்டம் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற பெயரை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் இட்டார். மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் பொதுவான உயிரினங்களை விளக்க, இடையில் மூழ்கிப்போன ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று அவர் கருதினார். நிலங்களே நகர்ந்தன என்று தெரிந்த பிறகு அந்த நிலம் தேவையில்லாமற்போனது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒட்டியே இருந்தன. தவிர, கண்டம் எடை குறைந்த பாறை. மிதக்கும் பொருள் மூழ்காது.

மார்ச் 22

‘மூழ்காது’ என்று எழுதியதற்கு ஒருவர் சீலாந்தியாவைக் காட்டி மறுத்திருக்கிறார். மறுப்பு சரியானது. நியூசிலாந்தைச் சுற்றி 49 லட்சம் சதுர கி.மீ. கண்டப் பாறை இருக்கிறது. அதில் நூற்றுக்கு 94 பங்கு கடலுக்குள். நான் சொல்லியிருக்க வேண்டியது இது: கண்டம் கவசத்துக்குள் மூழ்காது. ஆனால் இழுபட்டு மெலிந்தால் தாழ்வாக மிதக்கும், அப்போது கடல் அதன் மேல் ஏறிவிடும். கனமான கட்டை நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும், மெல்லிய பலகை நீர்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே அப்படி ஒரு பெருங்கண்டம் மெலிந்து கிடக்கிறதா என்றால், இல்லை. ஆழ்கடலில் இருப்பது கடலடி மேலோடு. இந்தியா விலகி வந்தபோது உருவான காந்த வரிகள் அதில் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. கடல்கோள் நினைவுகளுக்கு அடிப்படை தேட விரும்புவோர் கரையோரத்தில் தேடலாம். 20,000 ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது நிலம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது கண்ட நகர்வு அல்ல, பனி உருகிய கதை.

மார்ச் 25

இவற்றையெல்லாம் எது நகர்த்துகிறது? உலையில் அரிசி கொதிக்கும்போது நடுவில் எழும்பி ஓரத்தில் இறங்குவது போல, கவசத்தின் சுழற்சி மேலே உள்ள தட்டுகளைத் தள்ளுகிறது என்று நான் படித்தேன். அதில் பாதிதான் உண்மை. தட்டுகளே அந்தச் சுழற்சியின் ஒரு பகுதி என்று இன்று கருதுகிறார்கள். முகட்டில் பிறந்த கடல்தரை விலக விலகக் குளிர்கிறது. குளிரக் குளிரக் கனக்கிறது. ஒரு கட்டத்தில் அடியில் உள்ள பாறையைவிடக் கனத்து, கவசத்துக்குள் இறங்கத் தொடங்குகிறது. இறங்கும் நுனி மீதித் தட்டையும் இழுக்கிறது, மேசை விளிம்பில் சரிந்த துணி தன் எடையாலேயே மீதியை இழுத்துக்கொண்டு விழுவது போல.

இந்தியா வடக்கே வந்த வேகத்துக்கு இதுவே முக்கியக் காரணம். நமக்கும் ஆசியாவுக்கும் நடுவே இருந்த டெதிஸ் கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் இறங்கி, நம்மை இழுத்தது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு வேகம் ஆண்டுக்கு 15 செ.மீ.க்கு மேல், 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மோதல். இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்வதை ஜிபிஎஸ் கருவிகள் காட்டுகின்றன. அறுபது வயதுக்காரர் எங்கும் போகாமலே 3 மீட்டர் நகர்ந்திருக்கிறார்.

‘திடம் என்றால் பாயாது’ என்ற எண்ணம் பெரிய அறிஞர்களையும் விடவில்லை. ஆல்ஃபிரட் வெகனர் 1912இல் கண்ட நகர்வைச் சொன்னார். கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஹரால்ட் ஜெஃப்ரிஸ். 1926இல் கருவத்தின் வெளிப்பகுதியான வெளிக்கருவம் திரவம் என்று நிறுவியவர் அவரேதான். கவசப் பாறை அவ்வளவு உறுதியானது, அதில் கண்டங்கள் நகர இடமே இல்லை என்று 1989இல் இறக்கும்வரை சொல்லிவந்தார். திடம் என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. காலத்தைத்தான் அவர் போதுமான அளவுக்கு நீட்டிப் பார்க்கவில்லை. 1928லேயே ஆர்தர் ஹோம்ஸ் கவசம் மெல்லச் சுழல்கிறது என்று சொல்லியிருந்தார், பலர் கேட்கவில்லை.

மார்ச் 26

நேற்று எழுதிய பிறகு உறக்கம் வரவில்லை. கடல்தரை இறங்குவதை ஏதோ தொலைவில் நடப்பது போல எழுதிவிட்டேன். 2004 டிசம்பர் 26 காலை 6.30ஐ ஒட்டி, சென்னையில் எங்கள் வீட்டுக் குளியலறை வாளியில் நிரப்பி வைத்த தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. நான் இதைப் படித்தவன். நிலநடுக்கம் என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. சுமத்ராவுக்கு மேற்கே நம் பக்கத்துக் கடல்தரை இறங்கும் விளிம்பில் 1,300 கி.மீ. நீளம் பிளந்திருந்தது, அளவு 9.1. பாறை வழியே வந்த அலை சில நிமிடங்களில் என் வாளியை எட்டிவிட்டது. கடல் வழியே வந்த அலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியில் நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள் என்பது வேறு. அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்றும் எண்ணிப் பார்க்கிறேன்.

மார்ச் 30

மகள் படத்தை மறுபடி வரைகிறாள், கவசத்துக்கு என்ன வண்ணம் என்று கேட்டிருக்கிறீர்கள். 410 கி.மீ. ஆழம் வரை பச்சை தீட்டச் சொல்லுங்கள்; அது ஒலிவின். அதற்குக் கீழே 660 வரை அதே பொருள் அழுத்தத்தால் நெருக்கமான படிகங்களாக மாறுகிறது. அவற்றில் ஒன்றான ரிங்வுடைட் நீலச் சாயல் கொண்டது. பிரேசிலில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் அதன் ஒரு துகள் சிக்கி மேலே வந்திருந்ததை 2014இல் அறிவித்தார்கள். எனவே அங்கே நீலம். 660க்குக் கீழே 2,890 வரை பிரிஜ்மனைட். வெளிர் பழுப்பு போதும்.

அதன் பிறகு 5,150 கி.மீ. வரை வெளிக்கருவம். சிவப்புப் பென்சிலை அங்கே எடுக்கட்டும். உண்மையாகவே திரவமாக இருக்கும் ஒரே அடுக்கு அது, உருகிய இரும்பு. நடுவில் 1,220 கி.மீ. ஆரம் கொண்ட உட்கருவம் திட இரும்பு. 1936இல் டென்மார்க்கின் இங்கே லேமன் கண்டறிந்தது. மீதிச் சிவப்பில், கடல் முகடுகளின் அடியிலும் சுமத்ராவின் அடியிலும் மட்டும் பென்சில் நுனியால் சில புள்ளிகள் வைக்கட்டும். ‘மிதக்கிறது’ என்ற சொல்லை அழிக்க வேண்டாம்.